குப்பைக்குப் போகாத விளம்பரம்: காலண்டர் ஓவியர் கொண்டையராஜு யார்?

கடையில் கொடுக்கும் நோட்டீஸ் வீட்டுக்கு வருவதற்குள் குப்பைக்குப் போய்விடும். அதே கடை கொடுத்த முருகன் காலண்டர் வருஷம் முழுக்க சுவரில் தொங்கும். டிசம்பர் முடிந்தாலும் தூக்கிப்போட மனசு வராது. இந்த மனசை நம்பி வளர்ந்ததுதான் சிவகாசி காலண்டர் தொழில். அதில் தொங்கிய சாமிகளுக்கு முகம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சி.கொண்டையராஜு (1898-1976).

நாடக மேடையிலிருந்து வந்தவர்

சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர் கொண்டையராஜு. சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை வரையும் வேலை. ஊர் ஊராகப் போன கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோனது. 1940-களில் அவர் அங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ உருவானது. டி.எஸ்.சுப்பையா, மு.ராமலிங்கம், டி.எஸ்.அருணாசலம் போன்ற சீடர்கள் சேர்ந்தார்கள்.

நாடகத் திரை என்பது கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவரையும் ஒரே பார்வையில் இழுக்க வேண்டிய ஓவியம். பளிச்சென்ற நிறம், பட்டு, நகை, தூண்கள் என அந்தப் பிரம்மாண்டத்தை அவர் அப்படியே சாமி படங்களுக்குக் கொண்டுவந்தார்.

சிவகாசி ஏன்?

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து, 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தயாரிப்பைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்தே 'அந்தப் பெட்டி கொடுங்க' என்று கேட்க வேண்டும். லேபிளுக்காக வந்த அச்சகங்கள் அடுத்து காலண்டருக்கும் கை நீட்டின. பக்கத்து ஊரான கோவில்பட்டியில் ஓவியர்கள் தயாராக இருந்தார்கள்.

தொழில் நடக்கும் விதம் எளிமையானது. படத்தை மொத்தமாக அச்சடித்து, கீழே இடம் காலியாக விடுவார்கள். ஆடிப்பெருக்கு அன்று புதிய ஆல்பம் வெளிவரும். ஏஜென்ட்டுகள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள். கடைக்காரர் படத்தைத் தேர்வு செய்ததும் காலி இடத்தில் கடைப் பெயர் ஏறும்.

ஏன் இது எடுபட்டது?

* பார்வை: கொண்டையராஜுவின் தெய்வங்கள் பெரும்பாலும் நம்மை நேராகப் பார்க்கும். வீட்டில் அது வெறும் படமாக இருக்காது, தரிசனமாகிவிடும். விளம்பரம் பூஜை அறைக்குள் போனது இப்படித்தான்.

* பழக்கம்: தினமும் தாள் கிழிக்கும்போதும், ராகுகாலம் பார்க்கும்போதும் கடைப் பெயர் கண்ணில் படும். திரும்பத் திரும்பப் பார்ப்பதே ஒரு விருப்பத்தை உண்டாக்கும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். சிவகாசிக்கு அது முன்பே அனுபவத்தில் தெரியும்.

* நன்றி: காசு வாங்காமல் கிடைத்த பொருள். கொடுத்த கடையை விட்டு வேறு கடைக்குப் போக கொஞ்சம் தயக்கம் வரும்.

அதே நம்பிக்கை, எதிர்ப்பக்கம்

சாமி படத்தை எறியக் கூடாது என்ற உணர்வு காலண்டரைக் காப்பாற்றியது. பட்டாசில் அதுவே எதிராகத் திரும்பியது. லட்சுமி படம் போட்ட வெடி வெடித்துச் சிதறி, தெருவில் மிதிபடுவதாக எதிர்ப்புக் கிளம்பியது. ஒரே படம்தான், சுவரில் மரியாதை, தெருவில் அவமரியாதை. பொருள் வாங்கியவர் கையில் கடைசியில் என்ன ஆகும் என்பதையும் விற்பவர் யோசித்தாக வேண்டும்.

பெயர் யாருக்கு?

கொண்டையராஜு எளிமையாகவே வாழ்ந்தார். அவர் ஓவியங்கள் எண்ணற்ற வீடுகளுக்குப் போயின. ஆனால் பெரிய எழுத்தில் இருந்தது கடையின் பெயர். அவர் கையெழுத்து ஓரத்தில் சின்னதாக. வருஷம் முடிந்ததும் கடைப் பெயரை வெட்டிவிட்டு படத்துக்கு மட்டும் பிரேம் போட்ட வீடுகள் உண்டு. பழைய பூஜை அறையில் அப்படி ஒரு படம் இருந்தால், ஓரத்தில் அந்தக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்க.