கறைபட்ட காணிக்கை



ஒரு குருவானவர் பெந்தெகொஸ்தே பண்டிகைக்குப் பிரசங்கம் ஆயத்தம் பண்ண உட்கார்ந்தார். ஜனங்களுக்குச் சொல்ல ஒரு வார்த்தையைத் தேடினார். அந்த வார்த்தையோ அவரையே பிடித்துக்கொண்டது! இது நடந்தது 1514-ம் வருஷம், கியூபா தீவில். அவர் பெயர் பார்த்தலோமே டி லாஸ் காசாஸ். அவர் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவர். அவர் ஆராதனை முறை வேறே, நம்ம முறை வேறே. ஆனாலும் அவருடைய வாழ்க்கையில் கர்த்தர் நமக்கு வைத்திருக்கிற பாடத்தை இந்த மாதம் தியானிப்போம்.

ஸ்பெயின் தேசத்து செவில் பட்டணத்தில், ஒரு வியாபாரியின் மகனாக 1484-ல் பிறந்தார். 1493-ல் கொலம்பஸ் முதல் பயணம் முடிந்து செவிலுக்குள் வந்தபோது, கூட்டி வந்த தீவு மனுஷரையும் பச்சைக் கிளிகளையும் வேடிக்கை பார்த்த சிறுவர்களில் இவரும் ஒருவர். அதே வருஷம் இவர் தகப்பன் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் கப்பலேறினார். திரும்பி வந்தபோது மகனுக்கு வேலைக்காரனாக ஒரு தீவுப் பையனைக் கொண்டுவந்தார். பிற்பாடு இசபெல்லா ராணியின் கட்டளைப்படி அந்தப் பையன் திருப்பி அனுப்பப்பட்டான்.

1502-ல் லாஸ் காசாஸும் கடல் கடந்து ஹிஸ்பானியோலா தீவுக்குப் போனார். இன்றைக்கு ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கிற தீவு அது. எல்லாரும் போனது தங்கத்துக்காக. கிடைத்த தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, மிச்சம் எடுத்தவனுக்கு. ஆனால் மண்ணை வெட்டி எடுக்க ஆள் வேணுமே? அதற்குத்தான் என்கோமியெண்டா என்ற ஏற்பாடு. ஒரு ஊர் ஜனங்களை ஒரு ஸ்பானியனிடம் ஒப்படைப்பார்கள். அவன் அவர்களைப் பாதுகாத்து, விசுவாசத்தைப் போதிக்க வேண்டும். அவர்கள் அவனுக்கு வேலை செய்ய வேண்டும். காகிதத்தில் நல்லாத்தான் இருந்தது. நடந்தது என்ன? ஆண்கள் மாதக்கணக்கில் சுரங்கத்தில், பெண்கள் தோட்டத்தில். தாய்க்கு ஆகாரமில்லை, பிள்ளைக்குப் பாலில்லை. 1518-க்குப் பின் பெரியம்மையும் சேர்ந்து வாரிக்கொண்டு போனது. கொலம்பஸ் வந்து அறுபது வருஷத்துக்குள் அந்தத் தீவின் தைனோ ஜனங்கள் ஏறக்குறைய அற்றுப்போனார்கள்.

இதெல்லாம் சிலுவையின் பெயரைச் சொல்லி நடந்தது, பிரியமானவர்களே! 1493-ல் போப்பாண்டவர் அந்தத் தேசங்களை ஸ்பெயின் அரசருக்கு எழுதிக்கொடுத்தபோது, அங்குள்ளவர்களுக்கு விசுவாசத்தைப் போதிக்கும் பொறுப்பையும் சேர்த்தே கொடுத்தார். வந்தவர்கள் தேசத்தை எடுத்துக்கொண்டார்கள், பொறுப்பை மறந்துபோனார்கள்.

லாஸ் காசாஸுக்கும் நிலம் இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள். கொடூரமான எஜமான் அல்ல. ஆனால் போதிக்கிற காரியத்தில் மற்றவர்களைப் போலத் தானும் குருடனாக இருந்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். குருப்பட்டம் பெற்ற பிறகும் அந்த வேலையாட்களை விடவில்லை!

கர்த்தர் அவரை எச்சரிக்காமல் விடவில்லை. 1511 டிசம்பரில் சாந்தோ தொமிங்கோவில் அந்தோனியோ டி மோந்தேசினோஸ் என்ற தொமினிக்கன் துறவி, பெரிய மனுஷரெல்லாம் உட்கார்ந்திருக்கையில், இந்த ஜனங்கள் மனுஷர் இல்லையா என்று கேட்டுக் கண்டித்துப் பிரசங்கித்தார். இன்னொரு துறவி, அடிமைப்படுத்தி வைத்திருக்கிற உமக்குப் பாவமன்னிப்பு தரமாட்டேன் என்று லாஸ் காசாஸிடமே சொல்லிவிட்டார். அப்போதும் அவர் மனம் அசையவில்லை. பிறகு கியூபாவைப் பிடிக்கப் போன படையோடு குருவாகப் போனார். கவோனாவோ என்ற ஊரில், மீனும் அப்பமும் கொண்டுவந்து உபசரித்த ஜனங்களைப் போர்ச்சேவகர் வெட்டிச் சாய்த்ததைக் கண்ணாரப் பார்த்தார். தடுக்க முடியவில்லை. ஆனாலும் பாருங்க, அதே கியூபாவில் நிலமும் ஆட்களும் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார்! நம்ம இருதயமும் இப்படித்தானே?

அதற்குப் பிறகுதான் அந்தப் பெந்தெகொஸ்தே வந்தது. பிரசங்கத்துக்காக அவர் எடுத்தது சீராக் ஆகமம், 34-ம் அதிகாரம். அது நம்ம வேதாகமத்தில் இல்லை, கத்தோலிக்கர் வாசிக்கிறது. அநியாயமாய்ச் சம்பாதித்ததைப் பலியிட்டால் தேவன் ஏற்றுக்கொள்ளமாட்டார், ஏழையின் ஆகாரத்தைப் பறிக்கிறவன் அவன் உயிரையே பறிக்கிறான் என்பது அந்தப் பகுதியின் கருத்து. அவர் தன் கைகளைப் பார்த்தார். பலிபீடத்தில் அப்பத்தைத் தூக்குகிற கை, சுரங்கத்துத் தங்கத்தை எண்ணுகிற கை, இரண்டும் ஒன்றுதான்! நாள்கணக்கில் யோசித்தார். கடைசியில் கவர்னரிடம் போய், என் ஆட்களை விட்டுவிடுகிறேன் என்றார். ஆகஸ்டு 15-ல் எல்லார் முன்னும் பிரசங்கத்திலேயே அதை அறிவித்தார். கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். பணக்காரக் குரு ஒரே நாளில் ஏழையானார்.

1515-ல் ஸ்பெயினுக்குக் கப்பலேறி ராஜாவிடமே முறையிட்டார். 1516-ல் அவருக்குத் தீவு ஜனங்களின் பாதுகாவலர் என்ற பதவி கிடைத்தது. அந்த நேரத்தில்தான் அவர் பெரிய தவறு ஒன்றைச் செய்தார். இந்த ஜனங்களைக் காப்பாற்ற, சுரங்க வேலைக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஆலோசனை சொன்னார். ஆப்பிரிக்கர் அதற்கு முன்பே அங்கே கொண்டுவரப்பட்டிருந்தார்கள். 1518-லோ 4,000 பேரைக் கொண்டுபோக அரசர் அனுமதி எழுதிக்கொடுத்தார். ஒருவன் கண்ணீரைத் துடைக்க இன்னொருவன் கண்ணீரா? வருஷங்கள் கழித்து, ஆப்பிரிக்கரையும் அநியாயமாகத்தான் பிடித்தார்கள் என்று தெரிந்தபோது அவர் உடைந்துபோனார். நான் அறியாமல் செய்தது தேவனுடைய நியாயத்தீர்ப்பில் எனக்குச் சாக்காகுமோ என்னவோ என்ற பயத்தைத் தன் சரித்திரப் புத்தகத்தில் தானே எழுதினார். யாரும் கேட்காமலே எழுதினார்.

1522-ல் தொமினிக்கன் சபையில் சேர்ந்தார். 1537-ல் குவாத்தமாலாவில், படை போய்த் தோற்றுத் திரும்பிய யுத்தபூமி ஒன்றில் ஆயுதமில்லாமல் சுவிசேஷம் சொல்லலாம் என்று பந்தயம்போலச் சொன்னார். ஐந்து வருஷம் ஸ்பானியர் உள்ளே நுழையக்கூடாது என்று கவர்னரிடம் உடன்படிக்கை வாங்கினார். அந்த ஜனங்களின் பாஷையிலேயே பாட்டுக் கட்டி, வியாபாரத்துக்குப் போகிற உள்ளூர்க்காரருக்குப் பழக்கி அனுப்பினார். பாட்டு வழியைத் திறந்தது! அந்த இடத்துக்குப் பிற்பாடு மெய்யான சமாதானம் என்று அர்த்தப்படும் வெராபாஸ் என்ற பெயர் வந்தது.

1542-ல் புதிய சட்டங்கள் பிறந்தன. இனி அந்த ஜனங்களை அடிமையாக்கக் கூடாது. என்கோமியெண்டா வைத்திருப்பவன் செத்தால் அது பிள்ளைக்குப் போகாது. குடியேறியவர்கள் கொதித்தெழுந்தார்கள். பெருவில் கலகமே வந்தது. 1545-ல் அரசர் பின்வாங்கி, பிள்ளைக்குப் போகாது என்ற சட்டத்தை ரத்து பண்ணினார். அதே வருஷம் லாஸ் காசாஸ் சியாபாஸ் நாட்டில் பேராயராக வந்து இறங்கினார். அடிமைகளை விடாதவனுக்குப் பாவமன்னிப்பு இல்லை என்றார். முன்பு தனக்கு மறுக்கப்பட்டதையே இப்போது மற்றவர்களுக்கு மறுத்தார். அவருடைய ஜனமே அவருக்கு விரோதியானது. 1547-ல் ஸ்பெயினுக்குத் திரும்பினார். 1550, 1551 வருஷங்களில் வாயதோலித் பட்டணத்தில், பட்டயத்தால் அடக்கின பிறகு போதிக்கலாம் என்று வாதாடிய செப்பூல்வேதா என்ற பண்டிதரோடு நியாயாதிபதிகள் முன் வழக்காடினார். தீர்ப்பு என்று எதுவும் வெளிவரவில்லை. 1566 ஜூலை 18-ல், எண்பது வயது தாண்டி, மாட்ரிட்டில் கண்ணை மூடினார்.

தேவ பிள்ளைகளே, அவர் ஜெயித்தாரா? சட்டத்தில் பாதிதான் நின்றது. கப்பல்கள் நிற்கவில்லை, தங்கம் போவதும் நிற்கவில்லை. ஆனால் ஒரு மனுஷன் தன் கையைப் பார்த்து, இருந்ததை விட்டுக்கொடுத்தான். பிறகு தன் தவறையும் ஒத்துக்கொண்டான்.

எரிகோவில் சகேயு என்ன செய்தான்? பாட்டுப் பாடி நிறுத்தவில்லை, திருப்பிக் கொடுத்தான். நாம பெந்தெகொஸ்தே என்று பெயர் வைத்திருக்கிறோம். நம்ம வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்குக் கூலி சரியா போகுதா? நம்ம காணிக்கைப் பையில் யாருடைய கண்ணீராவது இருக்கா? அக்கினிக்காக ஜெபிக்கிற நாம், அந்த அக்கினி முதலில் நம்ம கணக்குப் புத்தகத்தில் விழ இடங்கொடுப்போமாக.

கர்த்தர்தாமே நம் கைகளைச் சுத்திகரிப்பாராக. ஆமென்.