பட்டமும் பயனும்: பேராசிரியர் மகலனோபிஸ் வாழ்க்கை

இளங்கலை இறுதியாண்டில் இருக்கும் நம்மிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. கணிதம் படித்தவர் செயல்முறை ஆராய்ச்சியில் முதுகலை சேரலாமா, அல்லது உடனே வேலை தேடுவதே நலமா என்பதே அது. வானம் பார்த்த பூமியான நம் குஜிலியம்பாறைப் பக்கத்துப் பெற்றோருக்கு இன்னும் இரண்டாண்டுப் படிப்பு என்பது சிறிய சுமையன்று. இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் அறிய வேண்டிய வாழ்க்கை, பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸின் வாழ்க்கையாகும்.

அவர் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அங்கு மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின் 1913இல் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர் திரும்பும் ரயிலைத் தவற விட்டார். அந்த ஊரின் அழகில் மனம் பறிகொடுத்து அங்கேயே சேர்ந்துவிட்டார். நம் கணித மேதை இராமானுஜனோடு அவர் பழகியதும் அங்கேதான். 1915இல் தாயகம் திரும்பும்போது புள்ளியியல் இதழ்த் தொகுதிகளை வாங்கிவந்து கப்பலிலேயே படித்தார். புள்ளியியலில் அவருக்குப் பட்டம் கிடையாது. இயற்பியல் ஆசிரியராக இருந்துகொண்டே அதைத் தாமாகக் கற்றார்.

1926இல் ஒரிசாவில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றின் தரை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர் பொறியாளர்கள். மகலனோபிஸ் பல ஆண்டு மழை, வெள்ளக் கணக்குகளை ஆராய்ந்தார். ஆற்றுத்தரை உயரவில்லை, மேற்பகுதியில் பெய்த மிகை மழையே காரணம் என்று காட்டி, மேலே நீரைத் தேக்குவதே வழி என்றார். நம் பக்கத்து அழகாபுரிக் குடகனாறு அணை 1977 வெள்ளத்தில் உடைந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வெள்ளத்தின் அளவைச் சரியாகக் கணிப்பது எத்துணைப் பெரிய காரியம் என்பதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. கணக்கைக் கொண்டு முடிவெடுக்கும் இம்முறை, பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் செயல்முறை ஆராய்ச்சி என்னும் பெயரில் தனித்துறையாக வளர்ந்தது.

1931இல் கல்லூரி அறையொன்றில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலாண்டுச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. வங்காளச் சணல் விளைச்சலை வயல் வயலாக எண்ணாமல், சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அளந்தே கணிக்கலாம் என்று நிறுவினார். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும், 1956இல் வந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவும் அவரது உழைப்பின் பயன்களே.

அப்படியானால் பட்டமே வேண்டாமா? அவர் அப்படி எண்ணவில்லை. 1941இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் புள்ளியியல் முதுகலை வகுப்பைத் தொடங்கியபோது அதற்குப் பொறுப்பேற்றார். கணிதத்தில் முதுகலை முடித்தும் வேலையின்றிக் கல்கத்தாவுக்கு வந்த ஓர் இளைஞர் அதில் சேர்ந்தார். அவர்தாம் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சி. ஆர். ராவ். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை நிறுவனத்துக்கே கிடைத்தது. தாம் தட்டுத் தடுமாறிக் கற்றதைப் பிறர் முறையாகக் கற்க அவர் வழி செய்தார்.

1972 ஜூன் 28ஆம் நாள், 79ஆம் பிறந்தநாளுக்கு முதல் நாள், அவர் மறைந்தார்.

அன்புத் தோழர்களே! விண்ணப்பம் வாங்கும் முன் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். ஒரு கண்மாய் நீரை எத்தனை வயலுக்கு எவ்வாறு பங்கிடுவது, இருக்கும் பேருந்துகளைக் கொண்டு எத்தனை ஊர்களை இணைப்பது என்பன போன்ற கேள்விகளில் ஒன்றாவது நம்மை உறுத்துகிறதா? உறுத்தியும் தீர்க்கும் முறை தெரியவில்லையெனில் அந்த இரண்டாண்டுகள் வீணாகா. பெயருக்குப் பின்னால் எழுத்துகள் சேர்ப்பதே நோக்கமெனில், பெற்றோர் பணத்தை அதில் செலவிடும் முன் இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பதே நன்று.