6 நிமிடத்தில் நிரபராதி, 6 நாளில் தடை: யார் இந்த ராஸ்கோ ஆர்பக்கிள்?

ஒரு பிரபலத்தின் மேல் புகார் வந்த அன்றே உங்கள் டைம்லைனில் தீர்ப்பும் வந்துவிடுகிறது, கவனிச்சிருப்பீங்க. இது சமூக வலைதளம் கொண்டுவந்த பழக்கம் என்று நினைத்தால், நூறு வருஷம் பின்னால் போய் இவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ராஸ்கோ ஆர்பக்கிள். 1887-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாகாணத்தில் பிறந்தவர். பிறக்கும்போதே எடை சுமார் 6 கிலோ. அப்பாவுக்கு இது தன் பிள்ளைதானா என்றே சந்தேகமாம். தனக்குப் பிடிக்காத ஓர் அரசியல்வாதியின் பெயரையே குழந்தைக்கு வைத்தார். சிறு வயதிலேயே அம்மா இறந்துபோக, அப்பாவும் கைவிட, ஹோட்டலில் எடுபிடி வேலை செய்தபடியே பாடி, ஆடி மேடைக்கு வந்தவர் இவர்.

1913-ல் கீஸ்டோன் ஸ்டுடியோவில் சேர்ந்தார். உடம்பு சுமார் 135 கிலோ. ஆனால் குட்டிக்கரணம் அடிப்பதில் ஒல்லியானவர்களே தோற்றுப்போவார்கள். அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர் 'ஃபேட்டி', அதாவது குண்டன். அந்தப் பெயர் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நாற்காலியில் சிக்கிக்கொள்வது, கதவில் மாட்டிக்கொள்வது மாதிரியான உருவக் கேலிக் காட்சிகளில் நடிக்கவும் மறுத்தார். நம்ம ஊர் காமெடி டிராக்குகளை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

பஸ்டர் கீட்டனை 1917-ல் முதன்முதலாக கேமரா முன் நிறுத்தியவரும் இவர்தான். 1920களின் தொடக்கத்தில் பாரமவுண்ட் நிறுவனம் பேசிய சம்பளம், ஆண்டுக்கு 10 லட்சம் டாலர்.

அப்புறம் வந்தது 1921 செப்டம்பர் 5.

சான் பிரான்சிஸ்கோவின் செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டலில் ஒரு விருந்து. மதுவிலக்கு அமலில் இருந்த காலம்; ஆனாலும் மது ஓடியது. அங்கே வந்திருந்த நடிகை வர்ஜீனியா ராப்பேவுக்கு உடல்நிலை மோசமானது. நான்கு நாளில் இறந்துபோனார். சிறுநீர்ப்பை கிழிந்து, அதனால் ஏற்பட்ட தொற்றுதான் காரணம். ஆர்பக்கிள் அவரைத் தாக்கினார் என்று விருந்துக்கு வந்திருந்த மாட் டெல்மான்ட் புகார் சொன்னார். அவர் பேச்சு நாளுக்கு ஒன்றாக மாறியது. கடைசியில் அரசுத் தரப்பே அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை, மூன்று விசாரணைகளிலும்!

ஆமாம், மூன்று விசாரணை. முதலாவதில் ஜூரிகள் 12 பேரில் 10 பேர் விடுதலை என்றார்கள். ஒருமித்த முடிவு இல்லாததால் செல்லவில்லை. எப்படியும் ஜெயித்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் இரண்டாவது விசாரணையில் எதிர்த்தரப்பு அவரைச் சாட்சி சொல்லவே அழைக்கவில்லை. விளைவு, பெரும்பான்மை ஜூரிகள் குற்றவாளி என்ற பக்கம் சாய்ந்தார்கள். மூன்றாவது விசாரணையில், 1922 ஏப்ரல் 12 அன்று, 6 நிமிடத்தில் ஜூரிகள் திரும்பி வந்தார்கள். விடுதலை. அந்த 6 நிமிடத்திலும் பெரும்பகுதி, அவரிடம் மன்னிப்புக் கேட்டு ஓர் அறிக்கை எழுதுவதற்கே போனதாம்.

இதற்குள் பத்திரிகைகள் தங்கள் தீர்ப்பை எழுதி முடித்திருந்தன. ஹெர்ஸ்ட் குழுமப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் இதையே விற்றன. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவரைக் காப்பாற்றுகிறோம் என்று வர்ஜீனியாவின் பழைய வாழ்க்கையை நீதிமன்றத்தில் கிளறியதும் அதே அளவு அசிங்கம்தான். பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

விடுதலையாகி 6 நாளில், திரைத்துறையின் ஒழுக்கத்தைக் காக்க நியமிக்கப்பட்ட வில் ஹேஸ் அவரது படங்களுக்குத் தடை போட்டார். அந்த டிசம்பரிலேயே தடை நீங்கியது, காகிதத்தில் மட்டும். தியேட்டர்கள் மனசு மாறவில்லை. வழக்குச் செலவு 7 லட்சம் டாலரைத் தாண்டியதால் வீடு, கார் எல்லாம் விற்கவேண்டி வந்தது. சட்டப்படி அவர் மேல் நிரூபணமானது மதுவிலக்கு மீறல் ஒன்றுதான். அபராதம் 500 டாலர்.

பிழைக்க வேண்டுமே? வில்லியம் குட்ரிச் என்ற பெயரில் படங்களை இயக்கினார். அது யார் பெயர் தெரியுமா? தன்னை ஒதுக்கிய அப்பாவின் பெயர். அப்படி இயக்கிய ஒன்றுதான் 1927-ல் வந்த 'தி ரெட் மில்'. நாயகி, ஹெர்ஸ்ட்டின் காதலி மரியன் டேவிஸ். தயாரிப்பு, ஹெர்ஸ்ட்டின் சொந்த நிறுவனம்!

1932-ல்தான் வார்னர் நிறுவனம் சொந்தப் பெயரிலேயே 6 குறும்படங்களில் நடிக்க அழைத்தது. பேசும் படத்தில் அவர் குரலை ரசிகர்கள் கேட்டார்கள், படங்கள் ஓடின. 1933 ஜூன் 28-ல் கடைசிக் குறும்படம் முடிந்தது. மறுநாள் முழுநீளப் படத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்று இரவு தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 46.