பனியில் விளையாடிய சிறுவன், உலகம் நினைவில் வைத்த மனிதன்

நார்வே நாட்டின் தலைநகருக்கு அருகே ஹூஸ்பி என்ற இடத்தில் ஒரு பனிக்குன்று. பெரியவர்கள் காலில் நீண்ட மரப்பலகைகளைக் கட்டிக்கொண்டு அதன் உச்சியிலிருந்து சறுக்கி வந்து, நடுவே அமைந்த மேட்டிலிருந்து காற்றில் தாவிக் குதிப்பார்கள். ஒரு நாள் பத்து வயதுச் சிறுவன் ஒருவன், பெற்றோர் பேச்சை மீறி அங்கே குதித்தான். கீழே இறங்கியபோது பலகைகளின் முனை பனியில் குத்திக்கொண்டது. சிறுவன் தூக்கியெறியப்பட்டுத் தலைகுப்புறப் பனிக்குள் புதைந்தான். கழுத்து முறிந்துவிட்டது என்றே பார்த்தவர்கள் பயந்தார்கள். அவனோ எழுந்து வந்தான். அதன்பிறகும் அவனைப் பனியிலிருந்து யாராலும் பிரிக்க முடியவில்லை.

அந்தச் சிறுவன்தான் ஃபிரித்யோஃப் நான்சன். விளையாட்டு வீரர், விலங்கியல் அறிஞர், துருவப் பயணி, அரசதந்திரி, அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் என்று ஒரே ஆயுளில் பல வாழ்க்கை வாழ்ந்தவர்.

விளையாட்டே பள்ளிக்கூடம்

நான்சன் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி பிறந்தார். ஊர் கிறிஸ்டியானியா. இன்று அதன் பெயர் ஓஸ்லோ. தந்தை வழக்கறிஞர், கண்டிப்பானவர். தாய் அடிலெய்ட் பனிச்சறுக்கில் ஆர்வம் மிக்கவர். பெண்கள் பனிச்சறுக்கில் ஈடுபடுவதை ஊர் ஏற்காத காலத்திலேயே பலகையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர். பிள்ளைகளையும் வெளியே அனுப்பி வளர்த்தார்.

நார்வேயில் குளிர்காலம் பல மாதங்கள் நீடிக்கும். ஏரிகள் உறைந்து விளையாட்டுத் திடலாகிவிடும். பிள்ளைகள் இரும்பு விளிம்பு பொருத்திய காலணிகளோடு அதன்மேல் வழுக்கி ஓடுவார்கள். சரிவுகளில் சறுக்குவண்டி விடுவார்கள். காட்டுப் பாதைகளில் ஸ்கீ பலகைகளில் பல கிலோமீட்டர் போவார்கள். சாதாரணக் காலணியோடு நடந்தால் தளர்வான பனியில் முழங்கால் வரை புதையும். நீளமான ஸ்கீ பலகை உடல் எடையைப் பரவலாகத் தாங்குவதால் மேலேயே மிதந்து போகலாம். இந்த எளிய உண்மையை நான்சன் புத்தகத்தில் படிக்கவில்லை. தன் கால்களால் கற்றார்.

இளைஞரானபோது நெடுந்தூர ஸ்கீ போட்டிகளில் பலமுறை தேசிய அளவில் வென்றார். உறைந்த ஏரிச் சறுக்கிலும் வேகத்துக்குப் பெயர் பெற்றார். வாரக்கணக்கில் காட்டில் தனியே திரிவார். மிகக் குறைந்த பொருள்களோடு வாழப் பழகினார். பல்கலைக்கழகத்தில் விலங்கியலைத் தேர்ந்தெடுத்ததற்கும் வெளியில் வேலை செய்யலாம் என்ற ஆசை ஒரு காரணம்.

1882ஆம் ஆண்டு, ஆய்வுக்காகச் சீல் வேட்டைக் கப்பலொன்றில் வட கடலுக்குப் போனார். கப்பல் கிரீன்லாந்துக்கு அருகே பனிப்பாறைகளுக்கிடையே சிக்கி நின்றது. தூரத்தில் தெரிந்த கிரீன்லாந்து மலைகளைப் பார்த்தபடி நாள்களைக் கழித்தவர் மனத்தில் ஒரு கேள்வி முளைத்தது. அந்த மாபெரும் பனித்தீவின் உட்பகுதியை யாரும் கடந்ததில்லை. ஸ்கீ பலகையில் கடந்தால் என்ன?

திரும்ப வழியில்லாத திட்டம்

அவருக்கு முன் முயன்றவர்கள் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டார்கள். கடினமானபோது திரும்பிவிட்டார்கள். நான்சன் தலைகீழாக யோசித்தார். ஆள் நடமாட்டம் அரிதான கிழக்குக் கரையில் இறங்கி மேற்கு நோக்கிப் போவது என முடிவு செய்தார். பின்னால் உணவும் இல்லை, ஊரும் இல்லை. எனவே முன்னே போவது ஒன்றே வழி. இது தற்கொலைக்குச் சமம் என்று பலர் எழுதினார்கள். நார்வே அரசும் பணம் தர மறுத்தது. டென்மார்க் வணிகர் ஒருவர் செலவின் பெரும்பகுதியை ஏற்றார்.

மொத்தம் ஆறு பேர். அவர்களில் சாமுவேல் பால்டோ, ஓலே ரவ்னா இருவரும் வட ஸ்காண்டிநேவியாவின் பூர்வகுடியான சாமி இனத்தவர். பொருள்களை இழுக்க, ஸ்கீ பலகை போன்ற அகலமான அடிக்கட்டைகள் கொண்ட இலகுவான சறுக்குவண்டிகளை நான்சனே வடிவமைத்தார்.

1888 ஜூலை மாதம் கப்பலை விட்டுப் படகில் இறங்கிய உடனேயே சோதனை தொடங்கியது. மிதக்கும் பனி அவர்களைச் சுமார் 380 கிலோமீட்டர் தெற்கே இழுத்துக்கொண்டு போனது. கரையேறிய பிறகு மீண்டும் வடக்கே துடுப்புப் போட்டு வர வேண்டியிருந்தது. ஆகஸ்ட் நடுப்பகுதியில்தான் பனிமேட்டில் ஏறத் தொடங்கினார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 2,700 மீட்டருக்கும் அதிக உயரம். இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 45 பாகை வரை இறங்கியது. மேற்கே சரிவு தொடங்கி, காற்றும் பின்னாலிருந்து வீசியபோது, சறுக்குவண்டிகளைச் சேர்த்துக் கட்டிப் பாய் விரித்தார்கள். பனியின்மேல் படகுபோல் அவை பறந்தன.

அக்டோபர் 3ஆம் தேதி நான்சனும் ஓட்டோ ஸ்வெர்ட்ரப்பும், கூடாரத் துணியால் செய்த சிறு படகில், இன்று நூக் எனப்படும் ஊரை அடைந்தார்கள். மற்ற நால்வரும் பின்னர் அழைத்து வரப்பட்டனர். ஆனால் அந்த ஆண்டின் கடைசிக் கப்பல் போய்விட்டிருந்தது. குளிர்காலம் முழுதும் அங்கேயே தங்க நேர்ந்தது. நான்சன் அந்த மாதங்களை வீணாக்கவில்லை. இனுயிட் மக்களோடு பழகி, அவர்களிடம் கயாக் படகு ஓட்டக் கற்றார். பின்னாளில் அந்தக் கல்வியே அவர் உயிரைக் காத்தது. இந்தப் பயணத்தைப் பற்றி 1890இல் அவர் எழுதிய நூல், ஸ்கீ விளையாட்டு ஐரோப்பாவின் பிற நாடுகளில் பரவப் பெரிதும் உதவியது.

பனியோடு மோதாத கப்பல்

அடுத்த கனவு வட துருவம். அதுவரை போன கப்பல்களைப் பனி நசுக்கிவிட்டது. பனியோடு மோதுவானேன், அது போகும் திசையில் அதனோடு போகலாமே என்றார் நான்சன். அடிப்பாகம் உருண்டையாக அமைந்த ஃபிராம் என்ற கப்பலைக் கட்டச் செய்தார். பனி இறுக்கும்போது அது நசுங்காமல் மேலே எழும்பும். 1893இல் புறப்பட்டு, வேண்டுமென்றே பனியில் உறைய விட்டார். திட்டம் பலித்தது. கப்பல் பனியோடு மெல்ல நகர்ந்தது. குழுவினர் உடலும் மனமும் சோராதிருக்கக் கப்பலைச் சுற்றி ஸ்கீ பயிற்சி செய்தார்கள்.

கப்பல் துருவத்தைத் தொடாது என்று தெரிந்தபோது, 1895 மார்ச் மாதம் யால்மர் யோஹான்சனுடன் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளில் கிளம்பினார். ஏப்ரலில் 86 பாகை 14 கலை வடக்கை அடைந்தார்கள். அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு வடக்கே போனதில்லை. ஆனால் பனி மேடும் பள்ளமுமாகக் குவிந்து வழிமறித்தது. அதற்கு மேல் போனால் உயிரோடு திரும்ப முடியாது. நான்சன் திரும்ப முடிவெடுத்தார். கிரீன்லாந்தில் பின்வாங்க மறுத்தவர், இங்கே பின்வாங்கத் தெரிந்தவராக இருந்தார்.

திரும்பும் வழி கொடியது. உணவு குறையக் குறைய நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்கு இரையாக்கினார்கள். ஃபிரான்ஸ் யோசப் தீவுகளில் கல்லாலும் வால்ரஸ் தோலாலும் குடில் கட்டி, கரடி இறைச்சி தின்று குளிர்காலத்தைக் கழித்தார்கள். அத்தனை நாளும் ஒருவரையொருவர் மரியாதைப் பன்மையில் அழைத்து வந்தவர்கள், அந்தப் புத்தாண்டு இரவில்தான் நீ என்று பேசிக்கொள்ள இசைந்தார்களாம்.

1896 கோடையில் ஒரு நாள், இருவரும் கரையில் நின்றிருக்க, உடைமைகள் அத்தனையும் கட்டியிருந்த கயாக்குகள் கயிறு அறுந்து மிதந்து போயின. அவை போனால் இருவரும் செத்தார்கள். நான்சன் உறைபனி நீரில் குதித்து நீந்தினார். கைகால் மரத்துப்போக, கடைசி நொடியில் பிடித்தேறினார். சில நாள் கழித்து நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. ஆங்கிலேயப் பயணி ஃபிரெடெரிக் ஜாக்சனின் முகாம் அங்கே இருந்தது. ஆகஸ்டில் அவர்கள் நார்வே திரும்பினார்கள். அதே மாதம் ஃபிராம் கப்பலும் பத்திரமாக வந்து சேர்ந்தது. 13 பேரில் ஒருவரும் இறக்கவில்லை.

நாடற்றோருக்கு ஒரு தாள்

முதல் உலகப் போருக்குப் பின், 1920இல் சர்வதேச சங்கம் அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. பல நாடுகளில் சிக்கியிருந்த போர்க்கைதிகளை வீடு சேர்க்க வேண்டும். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அவர் அனுப்பிவைத்தார். அடுத்து அகதிகள். ரஷ்யப் புரட்சியால் நாட்டையும் குடியுரிமையையும் இழந்தவர்களிடம் எல்லை கடக்க எந்த ஆவணமும் இல்லை. 1922இல் அவர்களுக்கென ஓர் அடையாளத் தாளை நாடுகள் ஏற்கச் செய்தார். அதுவே நான்சன் கடவுச்சீட்டு. இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால் போன்றோரும் அதை வைத்திருந்தவர்கள். அதே ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தை நிவாரணப் பணிகளுக்கே கொடுத்தார்.

எல்லாம் வெற்றியாக முடியவில்லை. ரஷ்யப் பஞ்சத்தில் தவித்தவர்களுக்காக அவர் கேட்ட பெருங்கடனை அரசுகள் தர மறுத்தன. ஆர்மேனிய அகதிகளுக்கு ஒரு தாயகம் அமைக்கும் முயற்சியும் பணமின்றி நின்றது. ஆனாலும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

1930 மே 13ஆம் தேதி, தம் வீட்டு முகப்பில் அமர்ந்திருந்தபோது நான்சனின் உயிர் பிரிந்தது. நார்வே தேசிய நாளான மே 17இல் அவருக்கு இறுதி மரியாதை நடந்தது. அகதிகளுக்குத் தொண்டு செய்வோருக்கு ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் வழங்கும் விருது இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எடையைக் குறைத்துக்கொள், இயற்கையோடு மோதாதே, உள்ளூர் மக்களிடம் கற்றுக்கொள், உடன் வந்தவரை உயிரோடு திருப்பிக் கூட்டி வா. நான்சன் வாழ்ந்த விதம் இதுதான். மாணவர்களே, இவற்றின் முதல் பாடங்களை அவர் வகுப்பறையில் கற்கவில்லை. விழுந்து எழுந்து விளையாடிய பனியில் கற்றார்.