கயிற்றுச் சட்டத்துக்குள் பந்து

ஒரே ஆட்டத்தில் 13 முறை தளம் பறிபோனது. 1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க் அணியின் பந்துபிடிப்பாளராக நின்ற இளைஞருக்கு நேர்ந்த கதி அது. பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசப்படும் நேரம் பார்த்து எதிரணி ஓட்டக்காரர் அடுத்த தளத்துக்குப் பாய்வார். பந்துபிடிப்பாளர் உடனே பந்தை எறிந்து அவரைத் தடுக்க வேண்டும். கை வலியால் அந்த இளைஞரால் அதைச் செய்ய முடியவில்லை. அவரது ஆட்ட வாழ்க்கையும் விரைவில் முடிவுக்கு வந்தது.

அவர்தான் பிராஞ்ச் ரிக்கி. ஆட்டக்காரராகத் தோற்றவர், இளம் ஆட்டக்காரர்களை உருவாக்குவதில் அமெரிக்காவையே மாற்றினார்.

ஜாக்கி ராபின்சனைப் பற்றிப் படித்தபோதுதான் ரிக்கியின் பெயர் எனக்கு அறிமுகமானது. கறுப்பினத்தவரான ராபின்சனை ஒப்பந்தம் செய்தவர் என்ற ஒரே வரியோடு பல கட்டுரைகள் அவரை முடித்துவிடுகின்றன. அந்த வரிக்குப் பின்னால் 40 ஆண்டு உழைப்பு இருப்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ரிக்கி 1881ல் ஒஹாயோ மாநிலத்தின் விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பக்திமிக்க வீடு, ஞாயிற்றுக்கிழமை விளையாட மறுக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு. 21 வயதிலேயே ஒஹாயோ வெஸ்லியன் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்றுவிப்பாளரானார். 1903ல் அந்த அணி சவுத் பெண்ட் நகருக்குச் சென்றபோது, சார்லஸ் தாமஸ் என்ற கறுப்பின மாணவருக்கு மட்டும் ஹோட்டலில் அறை தர மறுத்தார்கள். வாதாடி, அவரைத் தம் அறையிலேயே தங்க வைத்தார் ரிக்கி. அன்றிரவு தாமஸ் தமது தோலை உரித்தெடுக்க முயல்வதுபோல் கைகளைத் தேய்த்துக்கொண்டு அழுததை அவர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தார்.

இடையில் காசநோய் அவரைத் தாக்கியது. குணமடைந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துப் பட்டமும் பெற்றார். ஆனாலும் விளையாட்டு அவரை விடவில்லை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு வந்தபோது, நல்ல ஆட்டக்காரர்களை விலைகொடுத்து வாங்க அந்த அணியிடம் பணமில்லை. வாங்க முடியாவிட்டால் வளர்க்கலாம் என்று முடிவெடுத்தார் ரிக்கி. சிறு நகர அணிகளை ஒவ்வொன்றாகக் கைவசப்படுத்தி, இளையர்களைச் சேர்த்து, படிப்படியாக மேலே கொண்டுவந்தார். இதற்குப் ‘பண்ணை முறை’ என்றே பெயர். 1926, 1931, 1934, 1942 ஆகிய ஆண்டுகளில் கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றது.

அந்நாளில் பருவம் ஏப்ரலில் தொடங்கியது. அதற்குமுன், வட மாநிலங்கள் இன்னும் குளிரில் இருக்கும்போதே அணிகள் வெப்பமான ஃபுளோரிடா போன்ற இடங்களுக்குப் பயிற்சிக்குச் செல்லும். சிலர் அதை உடம்பைச் சூடாக்கும் விடுமுறையாகவே எண்ணினார்கள். ரிக்கியோ அதைப் பள்ளிக்கூடமாக்கினார்.

1948ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக வீரோ பீச் நகரில் போர்க்காலக் கடற்படை விமானத் தளம் ஒன்றைப் பயிற்சி முகாமாக மாற்றினார். சிப்பாய்கள் தங்கிய கட்டடங்களில் சுமார் 600 ஆட்டக்காரர்கள் தங்கினார்கள். காலையில் விரிவுரை, பிறகு திடல் திடலாகப் பயிற்சி. அடிப்பவரின் முழங்காலிலிருந்து மார்புவரை, 17 அங்குல அகலத்தில், இரு கம்பங்களுக்கிடையே கயிறு கட்டிச் சட்டம் அமைத்திருந்தார்கள். பந்துவீச்சாளர் அதற்குள் வீச வேண்டும். பந்து உள்ளே போனதா, வெளியே போனதா என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அடிப்பவர்கள் கம்பத்தின் மேல் வைத்த பந்தை அடித்துப் பழகினார்கள். ஓடுபவர்கள் மணல் குழியில் சறுக்கப் பழகினார்கள். சாஃப்ட்பால் விளையாடிய நம் மாணவர்களுக்கு இவற்றில் சில பழக்கமானவையாக இருக்கலாம்.

அந்த முகாமுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1946 வசந்தகாலப் பயிற்சியின்போது ராபின்சன் அணியினரின் ஹோட்டலில் தங்க முடியவில்லை. ஃபுளோரிடாவின் சில ஊர்களில் அவரை ஆடவும் விடவில்லை. மறு ஆண்டு ரிக்கி பயிற்சியைக் கியூபாவுக்கு மாற்றினார். 1947 ஏப்ரல் 15ஆம் தேதி ராபின்சன் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். வீரோ பீச் முகாமில் எல்லா இனத்தவரும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டார்கள். வேலிக்கு வெளியே ஊர் மாறவில்லை.

இதோடு நிறுத்தினால் ரிக்கியைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். அவர் சம்பளம் கொடுப்பதில் கஞ்சர். ஆட்டக்காரர்களை விற்ற பணத்தில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ராபின்சன் ஆடிவந்த கேன்சஸ் சிட்டி மானார்க்ஸ் அணிக்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை. மேலே வரவும் வழியின்றி, வேறு அணிக்குப் போகவும் வழியின்றிச் சிறு நகரங்களில் தேங்கிய இளையர்கள் பலர். 1938ல் பேஸ்பால் ஆணையர் தலையிட்டு, கார்டினல்ஸ் பிடியிலிருந்து 70க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை விடுவித்தார்.

எனக்கு உறுத்துவது இதுதான். கயிற்றுச் சட்டம் எல்லாரிடமும் நியாயமாக நடந்துகொண்டது. நிறத்தையோ ஊரையோ அது பார்க்கவில்லை. ஆனால் 600 பேரில் மேலே போகாத பெரும்பாலானவர்களுக்கு அந்த முறை என்ன கொடுத்தது? பண்ணை என்ற சொல்லே விளைச்சலைத்தான் நினைவூட்டுகிறது. இளையர்களை நன்றாகப் பயிற்றுவிப்பதும் அவர்களைச் சொத்தாகப் பார்ப்பதும் ஒரே மனிதரிடம் சேர்ந்தே இருக்க முடியும் என்பதை ரிக்கியின் வாழ்க்கை காட்டுகிறது. தேர்வாகும் சிலரைக் கொண்டே நாம் ஒரு பயிற்சித் திட்டத்தை மெச்சுகிறோம். தேர்வாகாமல் வீடு திரும்புபவர் எதைக் கற்றுக்கொண்டு போகிறார் என்றும் பார்க்க வேண்டும்.

1965 நவம்பரில் மிசூரியில் நடந்த பாராட்டு விழாவில் பேசிக்கொண்டிருந்தபோது ரிக்கி மயங்கி விழுந்தார். டிசம்பர் 9ஆம் தேதி, தமது 83ஆம் வயதில் காலமானார். 1967ல் பேஸ்பால் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ராபின்சன் அதில் 1962லேயே இடம்பெற்றிருந்தார். மாணவர் ஆசிரியரை முந்திக்கொண்டது, எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் பெருமைதான்.