ரெண்டு பந்துல எது நிஜப் பந்து?

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். பயப்படாதீங்க, இதுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது. ஒரு கையில பேனா, இன்னொரு கையில அதோட மூடி. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிக்கோங்க. இப்ப வலது கண்ணை மூடிட்டு, மூடியைப் பக்கவாட்டுல கொண்டுவந்து பேனாவுல மாட்டுங்க.

தவறிப்போச்சா? பெரும்பாலும் முதல் தடவை தவறும். நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல ஆறு சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி இருக்கு. ஒரே பொருளை ரெண்டும் கொஞ்சம் வேற வேற கோணத்துல பாக்குது. அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் மூளை தூரத்தைக் கணக்குப் போடுது. சிவில் பசங்களுக்கு சர்வேயிங்ல வர்ற அதே முக்கோணக் கணக்கு. ஒரு கண் போச்சுன்னா, கணக்குக்கு வேண்டிய டேட்டாவுல பாதி போச்சு.

இப்ப பேனா மூடிக்குப் பதிலா ஒரு கிரிக்கெட் பந்தை வச்சுக்கோங்க. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்துல வருது. 20 மீட்டர் பிட்ச்சைத் தாண்ட அதுக்கு அரை செகண்ட் போதும். இந்த நிலைமையில 46 டெஸ்ட் மேட்ச் ஆடினார் ஒருத்தர். அதுல 40 மேட்ச்ல இந்தியாவுக்கே கேப்டன். மன்சூர் அலி கான் பட்டோடி. சயீஃப் அலி கானோட அப்பான்னு மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தீங்கன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எனக்கு அவரை எப்படித் தெரியும்னும் சொல்லிடறேன். செகண்ட் இயர்ல டிபார்ட்மென்ட் மேட்ச்ல ஒரு கேட்ச்சுக்குத் திரும்பும்போது என் முழங்கால் மடங்குச்சு. லிகமென்ட் கிழிஞ்சிருச்சு. கே.கே. நகர் வீட்டு மாடியில ஆறு மாசம் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் பசங்க ஆடுற சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்திடுவேன். அந்த நாட்கள்ல படிச்ச கதை இது.

நவாப் வீட்டுப் பையன்

1941 ஜனவரி 5-ம் தேதி போபாலில் பிறந்தார் மன்சூர். அப்பா இஃப்திகார் அலி கான், டெல்லிக்குப் பக்கத்தில் இருந்த பட்டோடி சமஸ்தானத்தின் நவாப். அம்மா போபால் நவாபின் மகள். குழந்தையிலிருந்தே செல்லப் பெயர் டைகர். பின்னாடி ஊரே அந்தப் பெயரில்தான் கூப்பிட்டது.

அப்பாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. இங்கிலாந்துக்காக ஆடிய முதல் டெஸ்ட்டிலேயே, 1932-ல் சிட்னியில், சதம் அடித்தவர். பேட்ஸ்மேன் உடம்பைக் குறிவைத்து பந்து போடும் பாடிலைன் தந்திரம் நடந்த தொடர் அது. கேப்டன் டக்ளஸ் ஜார்டின் அந்த தந்திரத்துக்காக ஃபீல்டிங் நிற்கச் சொன்னபோது மறுத்தார். அடுத்த டெஸ்ட்டோடு டீமில் இடம் போனது. 1946-ல் இங்கிலாந்து போன இந்திய அணிக்கு அவரே கேப்டன்.

1952 ஜனவரி 5. மன்சூருக்கு 11 வயது நிறைந்த நாள். அன்றைக்கு டெல்லியில் போலோ ஆடிக்கொண்டிருந்த அப்பா இறந்துபோனார். பிறந்த நாளும் அப்பாவின் நினைவு நாளும் அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க ஒரே தேதி.

அதன் பிறகு இங்கிலாந்தில் படிப்பு. 16 வயதில் சசெக்ஸ் அணிக்கு முதல் மேட்ச். வின்செஸ்டர் பள்ளிக்காக 1959-ல் ஒரே சீசனில் 1,068 ரன். அதுவரைக்கும் அந்தப் பள்ளியின் சாதனை யாருடையது தெரியுமா? அப்பாவை ஓரம்கட்டிய அதே ஜார்டினுடையது! 40 வருஷமாக நின்ற சாதனையைப் பையன் உடைத்தான்.

1961-ல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அணிக்கு கேப்டன் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1931-ல் அதே ஆக்ஸ்ஃபோர்டுக்காக அப்பா அடித்த ரன் சாதனையை நெருங்கிக்கொண்டிருந்தார். வயசு 20. நம்மில் நிறைய பேருக்கு இப்ப அதே வயசுதான்.

ஜூலை 1, 1961

ஹோவ் என்ற கடலோர ஊரில் சசெக்ஸுடன் மேட்ச். அன்றைய ஆட்டம் முடிந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மற்றவர்கள் நடந்துபோக, மன்சூர் ஒரு சக வீரரின் காரில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம்தான். எதிரே இன்னொரு கார் குறுக்கே வந்தது. மோதல். முன்கண்ணாடி உடைந்து, ஒரு சிறு துண்டு வலது கண்ணுக்குள் போனது.

ஆபரேஷன் நடந்தது. கண் இருந்தது, பார்வை ஏறக்குறைய போய்விட்டது. கான்டாக்ட் லென்ஸ் போட்டால் அந்தக் கண்ணில் ஓரளவு தெரியும். ஆனால் அதுவே வினை. இரண்டு கண்ணும் இரண்டு தனித்தனி படம் காட்டியது. ஒரு பந்து வந்தால் இரண்டாகத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சின்னச் சின்ன வேலைகள்கூட வரவில்லை. கிளாஸில் தண்ணீர் ஊற்றினால் மேஜையில் கொட்டும். சிகரெட்டைப் பற்றவைத்தால் தீக்குச்சி நுனிக்குத் தள்ளிப் போய் நிற்கும். நீங்க பேனா மூடியோட பண்ணுன அதே டெஸ்ட்தான். அவருக்கு நாள் பூராவும் நடந்துச்சு.

இந்த இடத்துல ஒண்ணு நேர்மையா சொல்லணும். அவர் நவாப். இங்கிலாந்துல நல்ல வைத்தியம், திரும்பிப் போக அரண்மனை, செலவுக்குக் கவலை இல்லை. நம்ம ஊர்ல ஆட்டோ ஓட்டுறவர் மகனுக்கு இதே அடி பட்டிருந்தா கதை வேற மாதிரி போயிருக்கும். அதை மறைக்க வேண்டாம். ஆனா ஒரு விஷயத்துல அரண்மனையும் உதவாது. நெட்ஸ்ல பந்து வரும்போது அவரும் அந்த ஒத்தைக் கண்ணும்தான்.

சில வாரங்களிலேயே நெட்ஸுக்குப் போனார். பேட்டிங்கில் நிற்கும் விதத்தை மாற்றி, பவுலரை இன்னும் நேராகப் பார்க்கும்படி நின்றார். தூரம் தெரியவில்லை, அதனால் பந்தின் நீளத்தைக் கணிக்க முடியவில்லை. பழைய மாதிரி ஆடவே முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, வேறு மாதிரி ஆடக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கண் சரியாகட்டும், அப்புறம் ஆடலாம்னு அவர் காத்திருக்கலை.

அந்த வருஷக் கடைசியில் இங்கிலாந்து அணி இந்தியா வந்தது. ஹைதராபாத்தில் அவர்களுக்கு எதிரான பயிற்சி மேட்ச்சில் லென்ஸோடு இறங்கினார். இரண்டு பந்து தெரிந்தது, ஆறேழு அங்குல இடைவெளியில். உள்பக்கம் இருப்பதுதான் நிஜம் என்று முடிவு செய்து அதை அடித்தார். டீ இடைவேளையில் லென்ஸைக் கழற்றிவிட்டு, வலது கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். அரை சதம் தாண்டினார். பின்னாடி தொப்பியை வலது கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டு ஆடுவதே வழக்கமாகிவிட்டது. பழைய போட்டோக்களில் அந்தத் தொப்பி கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஸ்டைல்னு நினைச்சிடாதீங்க.

மெட்ராஸ் சதம்

1961 டிசம்பர் 13-ல் டெல்லியில் முதல் டெஸ்ட். விபத்து நடந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. 13 ரன். அடுத்து கல்கத்தாவில் 64. அப்புறம் நம்ம மெட்ராஸ். 1962 ஜனவரி, பொங்கல் சமயம். அப்போது டெஸ்ட் நடந்தது சேப்பாக்கத்தில் இல்லை, சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கும் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். இன்றைக்கு நேரு ஸ்டேடியம். அங்கே 103 ரன் அடித்தார். சலீம் துரானி பத்து விக்கெட் எடுக்க, இந்தியா ஜெயித்தது. இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது.

அடுத்த இரண்டே மாதத்தில் வெஸ்ட் இண்டீஸ். பார்படோஸில் ஒரு மேட்ச்சில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் தலையில் பட்டு மண்டை ஓடு உடைந்தது. உயிருக்கே ஆபத்து. எதிரணி கேப்டன் ஃபிராங்க் வொரெல் ரத்தம் கொடுத்தார். துணை கேப்டனாக இருந்த பட்டோடி அடுத்த டெஸ்ட்டில் கேப்டனாக இறங்க வேண்டியதாயிற்று. அப்போது அவர் வயது 21 வருஷம் 77 நாள். அதுவரை டெஸ்ட் வரலாற்றிலேயே அவ்வளவு சின்ன வயதில் யாரும் கேப்டன் ஆனதில்லை. 2004 வரை அந்தச் சாதனை நின்றது.

யோசிச்சுப் பாருங்க. நமக்கு 21 வயசுல ப்ளேஸ்மென்ட்டுக்கு சட்டையை அயர்ன் பண்றதே பெரிய வேலை. அவர் தன்னைவிட பத்து வயசு மூத்தவங்களை வழிநடத்தணும். அதுவும் தலையில அடிபட்ட கேப்டன் ஆஸ்பத்திரியில கிடக்கிற ஊர்ல, அதே மாதிரி பந்துகளுக்கு முன்னாடி, ஒத்தைக் கண்ணோட. தொடர் 5-0 என்று தோற்றது. சினிமா மாதிரி எல்லாம் நடக்கவில்லை.

இன்ஜினியர்களின் கேப்டன்

அப்போது இந்திய அணி என்பது பம்பாய், டெல்லி, மெட்ராஸ் என்று தனித்தனிக் கூட்டமாக இருந்தது. எல்லோரும் ஒரே நாட்டுக்கு ஆடுகிறோம் என்ற எண்ணத்தைக் கொண்டுவர ரொம்ப முயற்சி எடுத்தவர் பட்டோடி. நல்ல வேகப்பந்து வீச்சாளர்கள் இல்லை. இல்லாததற்கு ஏங்காமல், இருக்கும் சுழற்பந்து வீச்சாளர்களையே ஆயுதமாக்கினார்.

அந்த நால்வரில் இரண்டு பேர் நம்ம ஜாதி, அதாவது இன்ஜினியர்கள்! வெங்கட்ராகவன் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். 1965-ல் மெட்ராஸில் பட்டோடி தலைமையில் முதல் டெஸ்ட் ஆடினார். பிரசன்னா நடுவில் சில வருஷம் கிரிக்கெட்டை விட்டு இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்தவர். மூன்றாவது பிஷன் சிங் பேடி. நான்காவது சந்திரசேகர். போலியோவால் மெலிந்துபோன வலது கையாலேயே பந்து வீசியவர். 1964-ல் அவரை முதலில் டெஸ்ட்டில் ஆட வைத்த கேப்டனும் பட்டோடிதான். ஒரு குறையோடு ஆடுவது எப்படி என்று தெரிந்தவர், இன்னொருவரின் கையைப் பார்த்துத் தயங்கவில்லை.

1964-ல் டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 203. 1967-ல் லீட்ஸில் ஃபாலோ ஆன் வாங்கிய பிறகு 148. அதே வருஷக் கடைசியில் மெல்போர்னில் தொடைத் தசையும் பிடித்துக்கொள்ள, நொண்டிக்கொண்டே 75-ம் 85-ம் அடித்தார். 1968-ல் நியூசிலாந்தில் 3-1. வெளிநாட்டில் இந்தியா ஜெயித்த முதல் டெஸ்ட்டும் முதல் தொடரும் அதுதான்.

அப்புறம் இறக்கம். 1971 தொடக்கத்தில், தேர்வுக் குழுத் தலைவரின் ஒரே ஓட்டில் கேப்டன் பதவி அஜித் வாடேகருக்குப் போனது. அதே வருஷம் அரசு மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் ஒழித்தது. மக்களவைத் தேர்தலில் நின்று தோற்றார். நவாப் இல்லை, வெறும் மன்சூர் அலி கான். திரும்ப வந்து 1974-75-ல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக மறுபடி கேப்டன். இரண்டு டெஸ்ட் தோற்ற அணி, கல்கத்தாவிலும் சேப்பாக்கத்திலும் ஜெயித்து 2-2 ஆக்கியது. விஸ்வநாத்தின் 97 ரன் பற்றி உங்க தாத்தா சொல்லியிருந்தா, அது இந்த சேப்பாக்கம் மேட்ச்தான். கடைசி டெஸ்ட்டில் தோல்வி. அதோடு ஓய்வு.

மொத்தம் 2,793 ரன், சராசரி 34.91, ஆறு சதம். இந்த நம்பரை மட்டும் பாத்தா சுமாரான பேட்ஸ்மேன்னு தோணும். இரண்டு கண்ணும் இருந்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்னு கேக்காத ஆள் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. இந்த ரன் எல்லாமே விபத்துக்கு அப்புறம் வந்ததுன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. விபத்துக்கு முன்னாடி அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடலை.

2011 செப்டம்பர் 22-ம் தேதி டெல்லியில் நுரையீரல் நோயால் இறந்தார். அவர் விருப்பப்படி கண் தானம் செய்யப்பட்டது.

கடைசியா

எங்க கே.கே. நகர்ல இருந்து அண்ணா நகர் பக்கம் போனா அரவிந்த் கண் மருத்துவமனை வரும். 1976-ல் 11 படுக்கையோடு அதை ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமிக்கு இளம் வயசுலயே முடக்குவாதத்தால விரல்கள் கோணிப்போச்சு. அந்த விரலாலேயே கண் ஆபரேஷன் பண்ணக் கத்துக்கிட்டவர். பிசியோவுக்குப் போயிட்டு அந்த வழியா வரும்போதெல்லாம் இவரையும் பட்டோடியையும் சேத்து நினைச்சுக்குவேன்.

என் முழங்கால் முழுசா சரியாகலை. இனிமே ஃபாஸ்ட் பவுலிங் போட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. கொஞ்ச நாள் அழுதேன், அதையும் மறைக்கலை. இப்ப நாலு ஸ்டெப் நடந்து வந்து ஆஃப் ஸ்பின் போடறேன். பத்துக்கு ஆறு பந்து லெக் சைடுல போகுது. ஆனா ஜன்னலைச் சாத்தறதில்லை.

உங்களுக்கும் இந்த செமஸ்டர்ல ஏதாவது ஒண்ணு உடைஞ்சிருக்கலாம். காலா இருக்கலாம், கனவா இருக்கலாம். பேனாவையும் மூடியையும் இன்னொரு தடவை எடுங்க. கண்ணை மூடிட்டு திரும்ப மாட்டிப் பாருங்க. பத்தாவது தடவைக்குள்ள மாட்டிரும்.