முதுமைக்கு ஊன்றுகோல் தந்த பெருந்தலைவர்

காமராசர் என்றதும் மாணவர்களாகிய நமக்குப் பள்ளிக்கூடமும் மதிய உணவும்தான் நினைவுக்கு வரும். எங்கள் ஊராகிய மீமிசலில், மாதந்தோறும் முதியோர் பணத்தை எதிர்பார்த்திருக்கும் பாட்டிமார்களைக் காணும்போது, எனக்கு அவரது இன்னொரு தொண்டும் நினைவுக்கு வருகிறது.

1903-ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று விருதுநகரில் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தார். 1930-இல், எங்கள் கடலோரத்திலேயே வடகிழக்கில் உள்ள வேதாரணியத்தில் நடந்த உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு, அலிப்பூர்ச் சிறை சென்றார்.

1954-இல் முதலமைச்சரானார். ஆயினும் அன்னை விருதுநகர் வீட்டிலேயே, மகன் அனுப்பிய சிறு தொகையில் எளிமையாக வாழ்ந்தார். பெற்றவளுக்கும் அவர் சலுகை காட்டவில்லை.

மகன் அனுப்பும் பணத்தில் ஒரு தாய் வாழ்ந்துவிடலாம். அனுப்ப மகனே இல்லாத தாய் என்ன செய்வாள்? அவர் ஆட்சியில், 1962 ஏப்ரல் முதல் நாள், ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகைத் திட்டம் தமிழகத்தில் தொடங்கியது. தொடக்கத்தில் தொகை சிறிதுதான். 2011-இல் அது 1,000 ரூபாயாகவும், 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது.

1963-இல் பதவியைத் தாமே துறந்தார். 1975 அக்டோபர் 2 அன்று, சொத்து ஏதும் சேர்க்காமல் மறைந்தார்.

நண்பர்களே, இது தருமமன்று. முதுமையில் அரசு உதவி பெறும் உரிமைக்கு வழி செய்ய வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தின் 41-ஆம் பிரிவு அரசுக்கு வழிகாட்டுகிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டம், கைவிட்ட பிள்ளைகளிடம் பெற்றோர் பராமரிப்புத் தொகை கோர வழி செய்தது. உலக அரங்கிலோ வேகம் குறைவு. 1948-இலேயே அர்ஜென்டினா ஐக்கிய நாடுகள் சபையில் முதியோர் உரிமையை எழுப்பியது. அதற்கென உலக ஒப்பந்தம் ஒன்றை எழுத, மனித உரிமை மன்றம் பணிக்குழு அமைக்க முடிவு செய்தது 2025-இல்தான்.

எங்கள் தெருவில் கருவாடு விற்றுப் பிழைத்த பாட்டி ஒருவர், உதவித்தொகைக்கு என்னிடம் மனு எழுதச் சொன்னார். ஐயாமார் மனமிரங்கிப் பிச்சையிட வேண்டும் என்று எழுதச் சொன்னார். நான் அப்படி எழுதவில்லை. அறுபது ஆண்டு உழைத்த உடலுக்கு உரியதைத் தருமாறு எழுதினேன்; அதை வாசித்தும் காட்டினேன். பாட்டி சற்று நேரம் யோசித்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து கைநாட்டு வைத்தார்.

அக்டோபர் முதல் நாள் உலக முதியோர் நாள். மறுநாள் பெருந்தலைவரின் நினைவு நாள். எழுதப் படிக்கத் தெரிந்த நாம், அந்நாளில் ஊருக்கு ஒரு முதியவருக்காவது மனு எழுதிக் கொடுப்போமாக.